மிளகா வூடு

எங்கள் வீடு விலைபோகாமல் கிடப்பதற்கு யார் காரணம் என்று கேட்டால் தெருவில் எல்லோரும் பக்கத்து மாவு மில்லைத்தான் கைகாட்டுவார்கள். நானும் அப்படித்தான் காட்டிக்கொண்டிருந்தேன். இப்போது பாதிக் கையை என் பக்கம் திருப்பிக்கொள்கிறேன். பாதிதான். முழுசாகத் திருப்பிக்கொள்ளும் அளவுக்கு நான் நல்லவள் இல்லை.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மூன்றாவது தெரு. ஒரு ஹால், இரண்டு அறை, சமையல்கட்டு, மேலே மொட்டைமாடி. என் வீட்டுக்காரர் முகம்மது கவுஸ் செருப்புக் கடை வைத்து நன்றாக ஓடிய காலத்தில் கட்டியது. இடதுபக்கச் சுவர் எங்களுக்கும் மில்லுக்கும் பொது. அப்போது மில்லில் அரிசியும் கோதுமையும்தான் அரைத்தார்கள். வெள்ளைத் தூசி வந்து ஜன்னலில் உட்காரும், நான் துடைத்துவிட்டுப் போவேன். மாவுத் தூசிக்கெல்லாம் யார் சண்டை போடுவார்கள்?

ஐந்து வருடத்துக்கு முன்னால் மில்லுக்கார பச்சமுத்து ஒரு மிளகாய் மிஷின் வாங்கிவந்தான். மில்லுக்குள் எத்தனையோ இடம் கிடக்க, அதைப் பொதுச்சுவரை ஒட்டி நிறுத்தினான். ஓட்டல்களுக்கு மசாலாத் தூள் சப்ளை எடுத்தான். அன்றிலிருந்து காலை ஒன்பது மணிக்குச் சுவர் அதிர ஆரம்பிக்கும். கண் எரியும், தொண்டை கமறும். காயப்போட்ட வெள்ளை லுங்கியை உதறினால் உதறுகிறவளுக்குத் தும்மல் வரும். எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் டீ குடித்தார்கள்.

இதில் எனக்குத் தும்மலோடு போயிற்று. அவருக்கு நுரையீரலில் போய் உட்கார்ந்துகொண்டது. பீடி சிகரெட் தொடாத மனுஷன். நாலு வருடமாக, பத்து அடி நடந்தால் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறார். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "எங்க குடியிருக்கீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "மருந்தை நான் எழுதித் தர்றேன். வீட்டை நீங்க மாத்துங்க" என்றார்.

மாற்ற இடமும் இருந்தது. சங்கராபுரத்தில் என் தங்கை ருக்ஷானா வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஓட்டு வீடு. அதற்கப்பால் வயல், வயலுக்கப்பால் கல்வராயன் மலை. அங்கே போய் இரண்டு நாள் தங்கினால் அவர் மல்லாந்து படுத்துத் தூங்குவார். இங்கே நாலு வருடமாகச் சுவரோரம் தலையணைகளை அடுக்கி, அதில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறார். ஒரு மனுஷன் காலை நீட்டிப் படுப்பதைப் பார்க்க இவ்வளவு ஆசை வரும் என்று கல்யாணமான புதிதில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அந்த ஓட்டு வீட்டின் சொந்தக்காரர் தை பிறக்கும்வரை எங்களுக்காகக் காத்திருப்பதாகச் சொன்னார். அதற்குள் நாங்கள் இதை விற்க வேண்டும்.

வாடகைக்குப் போக வேண்டியதுதானே என்பீர்கள். கடை மூடி மூன்று வருடம் ஆகிறது. இங்கே ஒருவன் குடிவந்து வாடகை கொடுத்தால்தான் நாங்கள் இன்னொரு இடத்தில் வாடகை கொடுக்க முடியும். ருக்ஷானா வீட்டில் ஒண்டிக்கொண்டு இரண்டு முறை வாடகைக்கு விட்டுப் பார்த்தோம்; குடிவந்த இரண்டு குடும்பமும் மாதம் முடியுமுன் மூட்டை கட்டிவிட்டது. மகன் அன்சர் சென்னையில் ஓர் அறையில் நாலு பேரில் ஒருவனாக இருக்கிறான். ஐந்தாவதாக அத்தாவை எங்கே படுக்கவைப்பான்?

இனி என் பக்கத்துப் பாதியைச் சொல்கிறேன்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள். மொட்டைமாடியில் மூன்று நாள் விரித்துவைத்திருந்த வெள்ளைப் பெட்ஷீட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் அதை விரித்துப் பிடித்தேன். சிவப்புச் சிவப்பாய்ப் படிந்திருந்தது. "இதை நீங்க ஒரு நாள் மூச்சு இழுத்துப் பாருங்க சார்" என்று கத்தினேன். யாரோ ஒருத்தன் போனில் படம் பிடித்தான். அன்று சாயங்காலத்துக்குள் ஊரில் ஒரு போன் பாக்கியில்லாமல் நான் ஓடிக்கொண்டிருந்தேன். பொய் சொல்வானேன், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கறிக்கடையில்கூட, "பாயம்மா, சூப்பரு" என்று எலும்பில்லாமல் போட்டுக் கொடுத்தார்கள்.

அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். புகைபோக்கி வைக்கச் சொன்னார்கள். பச்சமுத்து வைத்தான். அதன் வாயை எங்கள் மொட்டைமாடிப் பக்கம் திருப்பிவைத்தான். மில் அங்கேயே நின்றது. நான் கத்தியதில் கிடைத்த பெயர் மட்டும் எங்கள் வீட்டில் ஒட்டிக்கொண்டது. பஸ் ஸ்டாண்டில் எந்த ஷேர் ஆட்டோக்காரனிடமும் எங்கள் தெருவைச் சொன்னால், "மிளகா வூட்டாண்டயா?" என்று கேட்பான்.

விற்க வேண்டும் என்று முடிவுசெய்தபோதுதான் அந்தப் பெயரின் காரம் உறைத்தது. முதலில் வந்த வாத்தியார் குடும்பம் தெருமுனை டீக்கடையில் விசாரித்துவிட்டு அப்படியே திரும்பிப் போனது. இரண்டாவது ஆளைத் தந்திரமாக, மாதத்தில் ஒருநாள் காலையிலிருந்து சாயங்காலம்வரை கரண்ட் நிறுத்துகிற நாளாகப் பார்த்து வரவழைத்தேன். மில் ஓடாது, வீடு பள்ளிவாசல் மாதிரி அமைதியாக இருக்கும். வந்தவர் சுற்றிப் பார்த்தார், தலையாட்டினார், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீங்கதான அந்தப் பெட்ஷீட்டு வீடியோ?" என்றார். அவ்வளவுதான்.

வீட்டு புரோக்கர் அய்யனார் வெளிப்படையாகப் பேசுகிற ஆள். தலையில் கைவைத்துக்கொண்டு எங்கள் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பாயம்மா, வூடு வாங்க வர்றவன் செவுத்தைப் பாக்குறதுக்கு முன்ன பக்கத்து வூட்டுக்காரன் மூஞ்சியத்தான் பாப்பான். நீ ஊரைக் கூட்டிச் சொல்லிட்ட. நான் இன்னாத்த மறைக்கிறது?"

"நான் சொன்னது நெஜம்தான?"

"நெஜம்தான். நெஜத்த வெச்சிக்கினு வூட்டை விக்க முடியாது. போய் பச்சமுத்துகிட்ட சமாதானம் பேசு."

நான் மூன்று நாள் போகவில்லை. நாலாம் நாள் விடிகாலை, அவருக்கு மூச்சு இழுத்து உதடு நீலம் பாரித்துவிட்டது. அன்றைக்கே போனேன்.

பச்சமுத்துவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாசலுக்கு வந்த அரவையைத் திருப்பி அனுப்பமாட்டான். வெயிலில் காயவைத்துச் சூட்டோடு கொண்டுவருவது ஒரு நாள் தங்கினால் நமத்துப்போகும், வந்ததை வந்த கையோடு அரைத்துக் கொடுக்க வேண்டும் என்பது அவன் அப்பா வைத்துவிட்டுப் போன வழக்கம். அந்த அப்பா செத்த அன்று, சுடுகாட்டிலிருந்து வந்து தலைமுழுகிய ஈரம் சொட்டச் சொட்ட, ஒரு கல்யாண வீட்டுக்குப் பலகார மாவு அரைத்துக் கொடுத்தான். ஊரே அதை மெச்சிக்கொள்ளும். நான் மட்டும் வைராக்கியமாக ஐந்து வருடமாக அவன் மில் படி மிதித்ததில்லை. டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் சேலம் ரோடு மில்லுக்குப் போவேன்.

நான் உள்ளே நுழைந்ததும் அவன் மிஷினை நிறுத்தினான். புருவமெல்லாம் சிவப்பாக இருந்தது. உட்காரச் சொல்லவில்லை.

"வூட்டை வித்துட்டுப் போயிடுறோம் பச்சமுத்து. ஆளு வந்து பாக்குற நேரம் மட்டும் மிஷினை நிறுத்திக்க. உன்ன ஒண்ணும் வேற கேக்கல."

"போறேன்னு இப்ப சொல்ற. நீ கத்திட்டுப் போயிட்ட. எம் பொண்ண ஸ்கூல்ல ஒரு வருசம் மிளகா, மிளகானு கூப்ட்டானுங்க. அவ இன்னா பண்ணா உனுக்கு?"

அது எனக்குத் தெரியாது. சுருக்கென்றது. ஆனால் அப்போது பரிதாபப்படுகிற நிலையில் நான் இல்லை. "பாயிக்கு மூச்சு வுட முடியலப்பா" என்று மட்டும் சொன்னேன். அவன் புருவத்துத் தூளைத் துண்டால் துடைத்தான்.

"நிறுத்துறேன். ஆனா ஒரு லெட்டர் எழுதிக் குடு. மில்லால எந்தத் தொந்தரவும் இல்ல, மனு குடுத்தது தப்புன்னு. நாளைக்கு உன் வூட்டுக்கு வர்றவனும் ஒரு பெட்ஷீட்டத் தூக்கிக்கினு போனா நான் எங்க போறது?"

"குடுக்குறேன்."

"இன்னொண்ணு. காலையிலயே அரவைய முடிச்சிட்டு நிறுத்திடுவேன். நடுவுல எவனாச்சும் அரவை தூக்கிக்கினு வந்து நின்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. எங்கப்பன் மேல சத்தியம். வராம இருக்க உங்க அல்லாவ வேண்டிக்க."

வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். அவர் தலையணைகளில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஷர்பு, அதுல கையெழுத்துப் போட்டுட்டா அப்பால நாம இருமக்கூட முடியாது" என்றார்.

"அப்பால நாம இங்க இருந்தாத்தான?"

ஷர்புன்னிசா என்று முழுப் பெயரையும் அழுத்தி எழுதினேன். மறுநாளே பச்சமுத்து அதை லேமினேஷன் செய்து, எடை மிஷினுக்கு மேலே ஆணியடித்து மாட்டிவிட்டான். மில்லுக்குள் நுழைகிறவர்கள் கண்ணில் சாமி படத்துக்கு முன்னால் என் கையெழுத்துதான் படும்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அய்யனார் ஆள் கூட்டிவந்தார். ராமசாமி என்று பெயர். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மகள் செவ்வந்திக்குக் கள்ளக்குறிச்சியில் டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. மாப்பிள்ளை வெளியூரில். மகளும் பேத்தியும் இருக்க வீடு தேடுகிறார். இருவரையும் கூடவே கூட்டிவந்திருந்தார்.

நான் விடிந்ததிலிருந்து ஜன்னல் கம்பிகளை மூன்று முறை துடைத்திருந்தேன். மாடியைக் கழுவிவிட்டிருந்தேன். பச்சமுத்து சொன்ன சொல் மாறாமல் பத்தரைக்கே மிஷினை நிறுத்திவிட்டான். எவளாவது டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடப் போகிறாளே என்று தெருவைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலித்தது. என் வீட்டுக்காரரை உள்ளறையில் உட்காரவைத்து, பிளாஸ்க்கில் வெந்நீர் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

"ஒரு மணி நேரம். இருமல் வந்தா தலகாணிய வாயில வெச்சிக்கங்க" என்றேன். வாழ்நாளில் அவரிடம் நான் பேசியதில் இதைவிடக் கேவலமான பேச்சு கிடையாது. அவர் சரியென்று தலையாட்டினார். அதுதான் இன்னும் என்னால் தாங்க முடியவில்லை.

ராமசாமி தரையைத் தட்டிப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார், மாடிக்குப் போய் நின்று நாலு பக்கமும் பார்த்தார். ஊர்ப்பேச்சு அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

"மிளகா வூடு, மிளகா வூடுனாங்க. நான் இன்னா பண்ணேன், நேரா மில்லுக்கே போனேன். அவரு உங்க லெட்டரைக் காட்டுனாரு. குறை சொன்னவங்களே இல்லன்னு எழுதிக் குடுத்துட்டா அப்பால இன்னா இருக்கு?"

"ஆமாங்க" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு நாக்கு கூசவில்லை. சங்கராபுரத்து வயல் கண்முன்னால் தெரிந்தது. அங்கே எந்தப் பக்கம் கட்டிலைப் போடலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

கீழே இறங்கி வந்தோம். செவ்வந்தி, "ஷாலினி! ஷாலினி!" என்று கூப்பிட்டுக்கொண்டு ஹாலில் நின்றாள். பிள்ளையைக் காணோம். உள்ளறைக் கதவு திறந்திருந்தது.

ஐந்து வயதுப் பெண். அவருக்கு எதிரில் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவர் மருந்து இழுக்கிற பிளாஸ்டிக் குடுவை, ஒரு பக்கம் பம்ப்பும் மறுபக்கம் வாய் வைக்கிற குழாயுமாக, அவள் மடியில் கிடந்தது.

"தாத்தா, எங்கிட்டயும் இதே இருக்கு. ஆனா என்னுது ரோஸ் கலரு. மூஞ்சி மூடுற மாதிரி இருக்கும். எனக்கு ரெண்டு தடவ. உங்களுக்கு?"

"நாலு" என்றார் அவர்.

"நாலா?" அவளுக்கு அது பெரிய மரியாதைக்குரிய விஷயமாக இருந்தது. "பனி வந்தா எனக்கு இழுக்கும். உங்களுக்கு எது வந்தா இழுக்கும்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தும் பார்க்கவில்லை. சும்மா பார்த்தார்.

செவ்வந்தி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். "வீசிங் இருக்குங்க. டவுனுல ஆஸ்பத்திரி பக்கம்னுதான் இங்க பாக்குறோம்" என்றாள். எனக்கு அவள்மேல் பற்றிக்கொண்டு வந்தது. வேறு வீடே கிடைக்கவில்லையா உனக்கு? பிள்ளையை ஏன் கூட்டிவந்தாய்? ஒரு காகிதத்தை நம்பி வந்துவிடுவாயா? இதையெல்லாம் மனசுக்குள்தான் கத்தினேன். வெளியே, "டீ போடட்டுமா?" என்று கேட்டேன்.

ராமசாமி டீயை மறுத்துவிட்டுப் பையிலிருந்து வெற்றிலை பாக்கும் ஒரு கவரும் எடுத்தார். கவரின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது.

"பன்னெண்டு வரைக்கும் நல்ல நேரம். அட்வான்ஸ் கையில குடுத்துட்டுப் போறேன். மத்ததை அய்யனாரு பாத்துக்குவாரு. புடிங்கம்மா."

அய்யனார் என் முழங்கையை இடித்தார். நான் கையை நீட்டவில்லை. நீட்ட நினைத்தேன், வரவில்லை. இரண்டு தடவ, நாலு தடவ என்று அந்தப் பிள்ளை எண்ணியதுதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது. இந்த உள்ளறையில்தான் அவளைப் படுக்கவைப்பார்கள். பொதுச்சுவரோரம். வருடத்துக்கு ஒன்றாக அந்த எண்ணிக்கை ஏறும்.

"வேணாங்க. இந்த வூடு உங்களுக்கு வேணாம்" என்றேன்.

"இன்னாம்மா சொல்ற?" என்றார் அய்யனார்.

"மில்லு ஓடுனா இங்க மூச்சு வுட முடியாது. இன்னிக்கு உங்களுக்காக நிறுத்தி வெச்சிருக்கு. இவருக்கு இப்பிடி ஆனதே அதாலதான். பாப்பாவ இங்க வெக்காதீங்க."

ராமசாமி கவரை மடித்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. சிரிப்பு வந்தது. அதுதான் எனக்கு ஆகவில்லை.

"வேற பார்ட்டி ஜாஸ்தி குடுக்குறானா?"

"சத்தியமா இல்ல."

"அப்ப அந்த லெட்டரு?"

"அது பொய்."

"எழுதிக் குடுத்தது பொய். வாயால சொல்றது மட்டும் நெஜமா?" அய்யனாரைப் பார்த்தார். "வெலைய ஏத்துறதுக்கு எத்தனையோ பாத்துருக்கேன். இது புதுசா இருக்கு. நாங்க போய் மில்லுக்காரரையே இன்னொரு தடவ கேட்டுக்கிறோம். நாளைக்கு வந்து பேசுறோம்மா. நீங்க யோசிங்க."

மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு மில்லைப் பார்த்து நடந்தார். அய்யனார் என்னைத் திட்டிக்கொண்டே அவர் பின்னால் ஓடினார். நான் வாசலில் நின்றேன். வாயை மூடிக்கொண்டு நின்றாலே போதும். நாளைக்கு இதே கவர் என் கைக்கு வரும். உண்மையைச் சொல்லியாகிவிட்டது, நம்பாதது அவர்கள் பாடு என்று படைத்தவனிடமே வாதாடலாம். இவ்வளவு வசதியான இடத்தில் நான் அதுவரை நின்றதே இல்லை.

சமையல்கட்டில் மிளகாய் இருந்தது. சேலம் ரோட்டுக்கு எடுத்துப் போக, முந்தின நாள் ருக்ஷானா வீட்டில் காயவைத்துக் கொண்டுவந்த இரண்டு கிலோ. தூக்குவாளியோடு எடுத்துக்கொண்டேன். உள்ளறைக் கதவை இழுத்துச் சாத்தும்போது, "ஈரத்துண்டை மூக்குல கட்டிக்கங்க" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

மில்லில் பச்சமுத்து எனக்காகப் பேசிக்கொண்டிருந்தான். "அவங்களே எழுதிக் குடுத்ததுங்க, பாருங்க, கையெழுத்து" என்று என் லெட்டரைக் காட்டிக்கொண்டிருந்தான். ராமசாமி கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். நான் அவர்கள் நடுவில் புகுந்து வாளியை எடை மிஷின்மேல் டங்கென்று வைத்தேன்.

"ரெண்டு கிலோ. அரைச்சிக் குடு."

பச்சமுத்துவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஐந்து வருடத்தில் முதல்முறையாக நான் அவனிடம் அரவை கொண்டுவந்திருக்கிறேன். குரலைத் தாழ்த்தி, "பாயம்மா, உங்களுக்குத்தான் நிறுத்தி வெச்சிருக்கேன். ஆளு நிக்கிறாங்க, தெரியல?" என்றான்.

"தெரியுது. காய்ஞ்ச சூட்டோட இருக்கு. ஆறுனா நமத்துப்போவும். போடு."

"சாயங்காலம் வா."

"வாசலுக்கு வந்த அரவைய உங்கப்பா திருப்பி அனுப்புவாரா?"

அவன் முகம் மிளகாயைவிடச் சிவந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "உனுக்கு இன்னா கிறுக்கு புடிச்சிக்கிச்சா?" என்றான். ஆனால் அய்யனாரும் ராமசாமியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் வாளியைத் தூக்கினான். மிளகாயை மிஷின் வாயில் கொட்டினான். சுவிட்சைப் போட்டான்.

"இப்ப எங்க வூட்டுக்கு வாங்க" என்று ராமசாமியின் கையைப் பிடித்து இழுத்தேன். அந்நிய ஆண் கையைத் தொட்டது அதுவே முதல். செவ்வந்தி பிள்ளையோடு தெருவிலேயே நின்றிருந்தாள். "நீ வராதம்மா" என்றேன். அதற்குள் புகைபோக்கி அதன் வேலையைத் தொடங்கிவிட்டது. தெருவில் நின்ற பிள்ளை ஒரு தும்மல் போட்டாள். இரண்டு இருமல். பிறகு இருமல் நிற்கவில்லை. செவ்வந்தி முந்தானையால் அவள் முகத்தை மூடித் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டைப் பார்த்து ஓடினாள்.

ராமசாமி எங்கள் ஹாலில் ஒரு நிமிடம் நின்றிருப்பார். சுவர் அதிர்ந்தது. கண்ணில் நீர் வழிய, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சாத்தியிருந்த உள்ளறைக் கதவைப் பார்த்தார். உள்ளே என் வீட்டுக்காரர் இருமிக்கொண்டிருந்தார். தலையணையை வைத்துக்கொள்ளவில்லை போல.

"எத்தனை வருசமா?" என்றார் ராமசாமி.

"நாலு."

அவர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். நன்றி சொல்லவா, திட்டவா, தெரியாது. இருமல் வந்துவிட்டது. வெற்றிலைப் பாக்கை மட்டும் எங்கள் ஜன்னல்மேல் வைத்துவிட்டுப் போனார்.

அய்யனார் வாசலோடு சரி. "இனிமே என்னால ஆவாது பாயம்மா. வேற ஆளப் பாத்துக்க" என்று கைகூப்பிவிட்டு வண்டியை உதைத்தார். சாயங்காலத்துக்குள் இதுவும் ஊருக்குத் தெரிந்துவிடும். விற்க வந்தவளே மிஷினைப் போடவைத்து விரட்டினாள் என்று பேசிக்கொள்வார்கள்.

வாளியை வாங்க மில்லுக்குப் போனேன். தூள் சூடாக இருந்தது. பச்சமுத்து கூலி வாங்க மறுத்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அந்தப் பாப்பாவுக்காகவா?" என்றான்.

"ஆமா."

"எனுக்கும் தெரியுது பாயம்மா. நான் மட்டும் இன்னா, இதத்தான் இழுத்துக்கினு கிடக்கேன். நிறுத்திட்டு எங்க போறது?"

உண்மைதான். ஐந்து வருடத்தில் நான் அவன் இருமலைக் காது கொடுத்துக் கேட்டதில்லை. கொஞ்சம் இளகினேன். இளகிய சூட்டில், "அந்த லெட்டரைக் குடுத்துடு பச்சமுத்து. நாங்கதான் போவலையே" என்றேன்.

அவன் ஆணியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"அது இருக்கட்டும். நீ இங்கதான் இருக்கப்போறன்னா எனுக்கு அது கண்டிப்பா வேணும்."

என் கையெழுத்து, என் முழுப் பெயர், தெளிவாக இருந்தது. மேலே ஏற்கெனவே ஒரு சிவப்புப் படலம் படிந்திருந்தது. பழக்கதோஷத்தில் முந்தானையால் துடைத்துவிட்டு வந்தேன்.

உள்ளறையில் அவர் ஈரத்துண்டோடு உட்கார்ந்திருந்தார். குடுவை கட்டில்மேல் பிள்ளை வைத்த இடத்திலேயே கிடந்தது. நான் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினேன். போர்வையை நனைத்துச் சுவரில் தொங்கவிட்டேன். தினமும் செய்கிற வேலைதான்.

"மிஷினைப் போடச் சொன்னதே நான்தான்" என்றேன். "உங்களை உள்ள வெச்சிக்கினே போடச் சொன்னேன். அவங்க போயிட்டாங்க. அய்யனாரும் இனிமே வரமாட்டாரு. சங்கராபுரம் போச்சு."

அவர் துண்டை இறக்கினார். மூச்சைச் சேர்த்துக்கொள்ள நேரமானது.

"பாப்பாவுக்கு இழுப்பு வந்துச்சா?"

"தெருவுல நிக்கும்போது கொஞ்சம். தூக்கிக்கினு ஓடிட்டாங்க."

"உள்ள வரலையே?"

"வரல."

"அப்ப சரி" என்றார். சரி என்று சொன்னவரின் தோள் ஒவ்வொரு மூச்சுக்கும் காதுவரை ஏறி இறங்கியது. எனக்கு அழுகை வந்தது. மிளகாயால் என்று சொல்லிக்கொள்ள வசதியான வீடு. சத்தமாகவே அழுதேன். அவர் தலையணை ஒன்றை உருவிப் பக்கத்தில் வைத்து, அதைத் தட்டிக் காட்டினார்.

அவருக்குப் பக்கத்தில் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். சற்று நேரம் அடங்கியிருந்த சுவர் மறுபடி அதிர ஆரம்பித்தது. மில்லுக்கு அடுத்த அரவை வந்துவிட்டது.